ரீசஸ் (இடைவேளை) மேசையில் மட்டும் ஏன் இனவாரியாக உட்காருகிறார்கள்? (சிங்கப்பூர் தொடக்கப்பள்ளி இழை)

#1 தெம்பனிஸ்_அம்மா

தொடக்கநிலை 2 வகுப்பு. மொத்தம் 30 பிள்ளைங்க: சீனர் 21, மலாய் 5, இந்தியர் 3, யுரேஷியர் (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வழியினர்) 1. வகுப்பறையில கலந்துதான் உட்கார வெச்சிருக்காங்க. ஆனா ரீசஸ் மணி அடிச்சதும் கேன்டீன்ல பார்த்தா சீனப் பிள்ளைங்க ஒரு மேசை, மலாய்ப் பிள்ளைங்க ஒரு மேசை, நம்ம பிள்ளைங்க பக்கத்து வகுப்புத் தமிழ்ப் பிள்ளைங்களோட ஒரு மேசை. சண்டை சச்சரவு ஒண்ணும் இல்லை. யாரும் யாரையும் விரட்டலை. ஆனா ஒட்டவும் இல்லை.

பெற்றோர் ஆதரவுக் குழுவுல ஒருத்தர் "எல்லாம் வீட்டுல கேட்டு வளர்றதுதான்"ங்கிறார். இன்னொருத்தர் "பிஞ்சுகளுக்கு இனமாவது ஒண்ணாவது, தானா சரியாயிடும்"ங்கிறார். ரெண்டுமே இந்த மேசை விஷயத்துக்கு விடை சொல்லலை. ஜூலை மாசம் இன நல்லிணக்க நாள்ல நடக்கிற பாரம்பரிய உடை அணிவகுப்பு தவிர குழு வேற என்ன செய்யலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 வெள்ளைப்பலகை

வீட்டை விசாரிப்பதற்கு முன் அந்த வகுப்பின் கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள். தாய்மொழிப் பாடம் ரீசஸுக்கு நேர் முன்னால் இருக்கிறதா?

இருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். தாய்மொழி நேரத்தில் சீனப் பிள்ளைகள் பெரும்பாலும் தங்கள் வகுப்பறையிலேயே இருப்பார்கள். மலாய், தமிழ்ப் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போவார்கள். இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்தால்தான் ஒரு தமிழ் வகுப்பே தேறும். மணி அடித்ததும் அந்த அறையிலிருந்து நேராக கேன்டீனுக்கு. பக்கத்தில் இருந்தவன் கையைப் பிடித்துக்கொண்டுதானே போவான்? மேசை பிரிந்தது அட்டவணையால், மனத்தால் அல்ல.

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, அடுத்த ஆண்டு அட்டவணை போடும்போதே தாய்மொழியை ரீசஸுக்கு முன் வைக்காமல் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்கலாம். தமிழாசிரியர் பல நிலைகளுக்கு ஒருவரே என்பதால் இது எப்போதும் முடியாது. இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை. தாய்மொழி முடிந்ததும் எல்லாரும் சொந்த வகுப்பறைக்குத் திரும்பி, அங்கிருந்து வகுப்பாக வரிசையில் கேன்டீனுக்குப் போக வேண்டும். 3 நிமிடம் போகும். 30 நிமிட ரீசஸில் அது பெரிய வெட்டுதான், அதனால் தாய்மொழி ஆசிரியர் 3 நிமிடம் முன்னதாக முடிக்க ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். அவரிடம் பேசாமல் தொடங்கினால் இரண்டாம் வாரமே நின்றுவிடும்.

இன்னொரு பிசகு பலர் கண்ணில் படுவதில்லை. நடந்து வரும் பிள்ளைகள் தாமதமாகத்தான் திரும்புவார்கள். அதற்குள் ஆசிரியர் "நாலு நாலு பேராச் சேருங்க" என்று சொல்லியிருந்தால், அறையில் இருந்தவர்கள் ஏற்கெனவே சேர்ந்திருப்பார்கள். தமிழ், மலாய்ப் பிள்ளைகள் மிச்சமாகத்தான் ஒட்ட வேண்டும். தாய்மொழிக்கு அடுத்த பாடத்தில் முதல் 5 நிமிடம் குழு பிரிக்கவே கூடாது.

#3 செங்காங்வாசி

அட்டவணை ஒரு காரணம்தான். பெரிய காரணம் மாண்டரின். வகுப்பறையில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகூட, 5 பேர் மாண்டரின் பேசுபவர்கள் கூடிவிட்டால் தன்னையறியாமல் அதற்கு மாறிவிடும். பக்கத்தில் நிற்கும் தமிழ்ப் பிள்ளைக்குச் சிரிப்பது எதற்கென்றே தெரியாது. இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் புரியும் இடத்துக்குப் போய்விடும்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு, மாண்டரின் 29.9. வகுப்பறையில் பேசுவதால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் வரும், ஆனால் விளையாட்டுக்கு வாயில் முதலில் வருவது எது என்பது வேறு.

சின்ன வயதில் தோலைவிடப் பேச்சு பெரிய வேலி. அமெரிக்காவில் கேத்தரின் கின்ஸ்லர் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 5 வயது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் படமும் குரலும் காட்டி யாரோடு நட்பாக இருப்பாய் என்று கேட்டார்கள். வேற்று உச்சரிப்புள்ள வெள்ளைப் பிள்ளையைவிட, தங்களைப் போலவே பேசும் கறுப்பினப் பிள்ளையையே அதிகம் தேர்ந்தார்கள். அது அமெரிக்கா, நம் நிலைமை அப்படியே அல்ல. ஆனாலும் கேன்டீனில் நடப்பதற்கு இதுதான் நெருங்கி வருகிறது.

#4 பானு_ஜூரோங்

அப்போ "ஆங்கிலம் மட்டும் பேசு"ன்னு விதி போட்டா போதுமா?

#5 செங்காங்வாசி

போதாதுங்க. விதி போட்டால் ஆசிரியர் தலை தெரியும்வரை ஆங்கிலம், பிறகு கிசுகிசு. அதோடு தன் தாய்மொழி ஏதோ குற்றம் என்று அந்தப் பிள்ளைக்குப் படும். தமிழைக் காக்க நாம் படும் பாட்டுக்கு அதை இன்னொருவர் மொழிமீது திருப்புவது நியாயமும் இல்லை.

பேச்சு குறைவாகத் தேவைப்படும் விளையாட்டைக் கொடுங்கள். வகுப்புக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி: கேப்தே (காலால் தட்டி ஆடும் இறகுப் பந்து) 4, ஐந்து கல் 6 செட், ஸீரோ பாயிண்டுக்கு (கயிறு தாண்டும் ஆட்டம்) ரப்பர் பேண்டு கோத்த 3 மீட்டர் கயிறு 2, கொடிப்படம் போட்ட அழிரப்பர் ஒரு டப்பா. ஐந்து கல்லை வாங்காமல் தைத்தாலும் சரி. 5 சென்டிமீட்டர் சதுரத் துணி இரண்டைச் சேர்த்து மூன்று பக்கம் தைத்து, அரிசி போட்டு, நாலாவது வாயை எதிர்த் திசையில் மடித்துத் தைத்தால் கூம்பு வடிவம் வரும். அரிசியை முக்கால் அளவுக்கு மேல் திணித்தால் கையில் நிற்காமல் உருளும்.

ஐந்து கல்லில் "இப்போ உன் முறை" என்பதற்குமேல் பேச வேண்டியதே இல்லை. புறங்கையில் கல் தங்குகிறதா இல்லையா என்று நாலு பிள்ளைகள் மூச்சுப் பிடித்துப் பார்க்கும்போது மொழி எது என்று யாரும் கேட்பதில்லை.

பெட்டிக்குப் பொறுப்பாளர் வேண்டும். வாரத்துக்கு 6 பேர், இனம் கலந்து, ஆசிரியரே பெயர் போட வேண்டும். 30 பேருக்கு 5 வாரம், 10 வாரத் தவணையில் இரண்டு சுற்று. இரண்டாம் சுற்றில் அதே அறுவரைப் போடாதீர்கள். கெடுவது வழக்கமாக இரண்டு இடத்தில்: பையன்கள் கேப்தே முழுவதையும் பிடித்துக்கொள்வார்கள், ஐந்து கல் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். எண்ணி வாங்கி எண்ணி வைப்பதே பொறுப்பாளர் வேலை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

#6 கணக்குப்புலி

எல்லாரும் மருந்து சொல்லிட்டீங்க, முதலில் காய்ச்சல் எவ்வளவுன்னு பார்க்க வேண்டாமா. "மேசை பிரிஞ்சிருக்கு" என்பது கண்ணுக்குத் தெரிவது. அதில் எவ்வளவு வெறும் எண்ணிக்கை விளைவு, எவ்வளவு உண்மையான பிரிவு?

#1-ல் உள்ள வகுப்பையே எடுப்போம். ஒவ்வொரு பிள்ளையும் நெருங்கிய நண்பர்னு 3 பெயர் எழுதுதுன்னு வைங்க.

ஒரு சீனப் பிள்ளைக்கு மீதி 29 பேர். அதில் சீனர் 20, பிறர் 9. இனமே பார்க்காமல் கண்ணை மூடிட்டு 3 பேரைத் தேர்ந்தாலும், மூவருமே சீனராக அமைய வாய்ப்பு 3654-ல் 1140, அதாவது 31 விழுக்காடு. ஆக பத்தில் மூன்று சீனப் பிள்ளைகளின் பட்டியலில் பிற இனமே இல்லைன்னா அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

21 சீனப் பிள்ளைகள் மொத்தம் 63 பெயர் எழுதுவாங்க. அதில் பிற இனப் பெயர் சுமார் 19 அல்லது 20 வரணும். 16 வந்தா கவலை வேண்டாம். 6 வந்தா கோடு விழுந்திருக்கு.

மலாய்ப் பிள்ளைகள் 5 பேர், 15 பெயர். தற்செயலாக நடந்தால் அதில் மலாய்ப் பெயர் 2 வரணும். 9 வந்தால் அவங்க உள்ளே சுருங்கியிருக்காங்கன்னு அர்த்தம், ஏன்னு பார்க்கணும்.

தமிழ்ப் பிள்ளை கதை தலைகீழ். மீதி 29-ல் 27 பேர் பிற இனம். "என் பிள்ளைக்கு எல்லா இனத்திலும் நண்பர்கள்"னு பெருமைப்படுறதுக்கு முன்னாடி யோசிங்க, அதுக்கு வேற வழியே இல்லை! அங்கே பார்க்க வேண்டியது வேறொன்று: அது எழுதிய மூணு பேரில் எத்தனை பேர் அதன் பெயரைத் திருப்பி எழுதினாங்க? ஒருத்தருமே எழுதலைன்னா அந்தப் பிள்ளை கூட்டத்தில் தனியா நிக்குது.

#7 தெம்பனிஸ்_அம்மா

இந்தக் கணக்கு நல்லாருக்கு. பெற்றோர் குழுவே பிள்ளைங்ககிட்ட எழுதி வாங்கலாமா?

#8 வெள்ளைப்பலகை

வேண்டவே வேண்டாம். வகுப்பாசிரியர் மட்டும் செய்ய வேண்டிய வேலை. "உனக்குப் பிடிக்காதவர் யார்" என்ற கேள்வி கூடவே கூடாது. "அறிவியல் வேலைக்கு யாரோடு சேர விரும்புகிறாய், 3 பெயர்" என்று கேட்டால் போதும். தாளை மடித்து வாங்கி, அன்றே பூட்டி வைக்க வேண்டும். பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டால் உதவியைவிடக் கெடுதலே அதிகம். நண்பர் குழு மாறிக்கொண்டே இருக்கும் வயது என்பதால் ஒரு தடவை எடுத்த படத்தை வைத்து முடிவு கட்டவும் கூடாது. தவணைத் தொடக்கத்தில் ஒன்று, 8-ஆம் வாரத்தில் ஒன்று என எடுத்து, மாற்றத்தைப் பாருங்கள்.

முடிவு தெரிந்தபின் இருக்கைக்கு வாருங்கள். 5 பேர் கொண்ட 6 குழு. இங்கே பலர் செய்வது, மூன்று இந்தியப் பிள்ளைகளையும் மூன்று குழுவில் தூவிவிடுவது. பார்க்க அழகாக இருக்கும். கூச்சமுள்ள பிள்ளையாக இருந்தால் நாலு மாண்டரின் பேச்சுக்காரர் நடுவே வாயே திறக்காது. முதல் 5 வாரம் தெரிந்த முகம் ஒன்றோடு சேர்த்து உட்கார வையுங்கள், அடுத்த 5 வாரம் பிரியுங்கள். துணிச்சலான பிள்ளைக்கு இந்த முன்னேற்பாடு தேவையில்லை. வாராவாரம் இடம் மாற்றுவதும் வீண். முகம் பழகுவதற்குள் எழுப்பிவிடுகிறோம்.

மேல்வகுப்பில் ஜிக்ஸா முறை நன்றாக வேலை செய்யும். டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் 1971-ல், கறுப்பின, வெள்ளை, ஸ்பானிய வழிப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்ததும் வகுப்பறையே போர்க்களமானபோது எலியட் அரன்சன் கொண்டுவந்தது. தொடக்கநிலை 4-ல் 40 பேர் என்றால் 5 பேராக 8 குழு. பாடத்தை 5 துண்டாக வெட்டுங்கள், துண்டுக்கு 120 முதல் 150 சொல். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும். தனியாக வாசிக்க 5 நிமிடம். பிறகு ஒரே துண்டு வைத்திருப்பவர்கள் கூடிப் பேச 10 நிமிடம் (8 பேர் கூடினால் சந்தைக்கடை, நாலு நாலாகப் பிரியுங்கள்). மறுபடி சொந்தக் குழுவுக்கு வந்து ஆளுக்கு 3 நிமிடம் சொல்லிக்கொடுக்க 15 நிமிடம். கடைசி 10 நிமிடம் சோதனை, தனித்தனி மதிப்பெண். இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால் இரட்டைப் பாடவேளை வேண்டும்.

அடுத்தவன் சொல்வதைக் கேட்காமல் சோதனை எழுத முடியாது என்பதுதான் இதன் சூட்சுமம். குழு மதிப்பெண் போட்டால் அது போய்விடும், கெட்டிக்காரன் ஒருவன் எல்லாவற்றையும் செய்வான், மெதுவாக வாசிப்பவன்மீது எரிச்சல் வரும். அந்தப் பிள்ளை வேறு இனம் என்றால் எரிச்சல் இனத்தின்மேல் போய் உட்காரும்.

முன்னோடிகள் பாடத்தில் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்க் குடியேறிகள் துண்டையும் மலாய்ப் பிள்ளைக்கு மலாய்த் துண்டையும் கொடுப்பது அடிக்கடி நடக்கும் பிழை. எட்டு வயதோ பத்து வயதோ, எந்தப் பிள்ளையும் தன் இனத்துக்குத் தூதராக வகுப்புக்கு வரவில்லை. குலுக்கல் முறையில் கொடுங்கள். வராத பிள்ளைக்குப் பதில் தாள் ஒன்று கூடுதலாக வைத்திருங்கள். வாரம் ஒரு முறையாவது, ஒரு தவணை முழுக்க நடக்க வேண்டும். ஒரே ஒரு நாள் செய்து "பலனில்லை" என்று கைவிட்ட வகுப்புகளே அதிகம்.

#9 பீட்டி_ரோடு

முதல் பதிவில் ஜூலை அணிவகுப்பை ஒதுக்கிப் பேசியிருக்கிறார்கள், அதனால் இரண்டு வரி. இன நல்லிணக்க நாள் 1997-லிருந்து பள்ளிகளில் நடக்கிறது. ஜூலை 21 என்ற தேதி 1964-ல் நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது வெடித்த கலவரத்தின் நாள். பிள்ளைகள் ஜிப்பாவும் சியோங்சாமும் பாஜு குரோங்கும் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஏன் அந்தத் தேதி என்று மேல்வகுப்பிலாவது சொல்லிக்கொடுத்தால் அந்த நாளுக்குப் பொருள் இருக்கும்.

நட்புக்கு அது போதாது என்பது சரி. கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே நாலு நிபந்தனை சொன்னார்: அந்த இடத்தில் சம அந்தஸ்து, பொது இலக்கு, சேர்ந்து உழைத்தல், மேலிருப்பவர்களின் ஆதரவு. அணிவகுப்பில் கடைசியது மட்டும் இருக்கிறது. கால்பந்தில் நாலும் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. தொடக்கப்பள்ளியில் குணநலமும் குடியியல் கல்வியும் தாய்மொழியில்தான் நடக்கிறது. பிற இனத்தவரை மதிப்பது பற்றிய பாடத்தைச் சீனப் பிள்ளைகள் ஓர் அறையிலும் மலாய்ப் பிள்ளைகள் இன்னோர் அறையிலும் நம் பிள்ளைகள் வேறோர் அறையிலும் உட்கார்ந்து கேட்கிறார்கள். மொழிக்கு அது நல்லது, அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சை ஒரே அறையில் நடத்த ஆங்கிலத்தில் வகுப்பாசிரியர் எடுக்கும் நேரம்தான் இருக்கிறது. அதை வீட்டுப்பாடம் சரிபார்க்கப் பயன்படுத்தினால் எதுவும் மிஞ்சாது.

இன்னொன்று. தமிழ் மேசையைக் கண்டு இவ்வளவு பதற வேண்டாம். நாளெல்லாம் முப்பதில் மூன்றாக இருக்கும் பிள்ளைக்கு, தான் விளக்கம் சொல்லத் தேவையில்லாத இடம் அது ஒன்றுதான். அங்கே தெம்பு கிடைத்தால்தான் மற்ற மேசைக்குப் போகவும் மனம் வரும்.

#10 செங்காங்வாசி

பீட்டி ரோடு ஐயா சொல்வதில் கடைசிப் பத்தி மட்டும் பாதிதான் ஒப்புக்கொள்வேன். தமிழ் வகுப்பு, தமிழ் மேசை, மாலையில் நடனம், ஞாயிறு தமிழ் வகுப்பு என்று எல்லாமே ஒரே வட்டமாகிவிட்டால் தெம்பு வந்தும் போக இடம் இருக்காது.

#11 பீட்டி_ரோடு

அது உண்மை. வட்டம் எத்தனை என்று எண்ணிக்கொள்ளட்டும்.

#12 பானு_ஜூரோங்

பள்ளிக்கூட நட்பு வீட்டு வாசல் தாண்டலைன்னா நீடிக்காது. அதுக்குப் பெற்றோர் வேலை இருக்கு. சாப்பாட்டுலதான் முக்கால்வாசி அழைப்பு நின்னுபோகுது, அதனால அதையே சொல்றேன்.

15 பேரைக் கூப்பிட்டுப் பிறந்தநாள் வெச்சா அவங்கவங்க கூட்டம் கூட்டமாத்தான் நிப்பாங்க. ரெண்டு மூணு பேர், ஒன்றரை மணி நேரம், புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) கீழே விளையாட்டுத் திடல். அதுதான் முதல் அழைப்புக்குச் சரி. அடுத்தவங்க வீட்டுச் சமையல், சாமி அறை, நாய்னு எந்தச் சங்கடமும் இல்லை.

முஸ்லிம் பிள்ளை வர்றதா இருந்தா "ஹலால்தான்"னு பொதுவாச் சொல்லாதீங்க. கேக் எந்தக் கடை, மூயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சான்றிதழ் இருக்கான்னு மெசேஜ்ல போட்டுடுங்க. அந்த அம்மா கேக்கக் கூச்சப்பட்டு "வேற வேலை இருக்கு"ன்னு தவிர்க்கறது அப்பத்தான் நிக்கும். பன்றி இல்லைன்னா ஹலால்னு நினைக்கிறவங்க நிறைய. கம்மி மிட்டாய், மார்ஷ்மெலோல ஜெலட்டின் இருக்கும். சில வனிலா எசென்ஸ்ல ஆல்கஹால் இருக்கும். பாத்திரம் பத்தி யோசனை இருந்தா, பிரிக்காத பேக்கெட், புது காகிதத் தட்டு. வெட்டின பழத்தைவிட முழுப் பழம் நல்லது.

இந்துப் பிள்ளைக்கு மாட்டிறைச்சி வேண்டாம்னு எல்லாருக்கும் தெரியும். குவான்யின் (சீனப் பெண் தெய்வம்) வழிபாட்டுக் குடும்பங்கள்லயும் மாடு சாப்பிடாதவங்க உண்டு, அதைக் கேக்க மறந்துடுறாங்க. வட இந்தியச் சைவக் குடும்பம்னா கேக்குல முட்டை இருக்கான்னு பாருங்க. கச்சான் (வேர்க்கடலை) ஒவ்வாமையை இனம் பார்க்காம எல்லார்கிட்டயும் கேளுங்க.

நாள் குறிக்கறதுலயும் கவனம். வாரக் கடைசியில மலாய்ப் பிள்ளைங்க நிறைய பேருக்குச் சமய வகுப்பு, சீனப் பிள்ளைங்களுக்கு டியூஷன். பள்ளி 1.30 மணிக்கு விட்டதும் ஒரு வார நாள் மதியம் பலருக்கு ஒத்துவரும். நோன்பு மாசத்துல பகல்ல சாப்பாட்டு அழைப்பு வேண்டாம். தொடக்கநிலை 1, 2-லயே அரை நாள் நோன்பு வைக்கிற பிள்ளைங்க இருக்காங்க. விளையாட்டுக்குக் கூப்பிடலாம், நோன்பு துறக்கிற நேரத்துக்கு முன்னாடி விட்டுடணும்.

மெசேஜை அம்மா அப்பாவுக்கு அனுப்புங்க. கூட்டிட்டுப் போக வர்ற பாட்டிக்கு ஆங்கிலம் வராம இருக்கலாம், பணிப்பெண்ணுக்கு முடிவெடுக்க அதிகாரம் இருக்காது. பரிசு 10 வெள்ளிக்குள்ளன்னு நீங்களே சொல்லிட்டா அடுத்த தடவை அவங்க கூப்பிடத் தயங்க மாட்டாங்க.

#13 கொவ்வைப்பழம்

இந்தியப் பிள்ளைகளை இழிவாகக் கேலி பண்றது பற்றி யாருமே பேசலையே? "அப்புநேநே", "எண்ணெய் நாத்தம்", "கறுப்பு, கை கோக்க மாட்டேன்". இதெல்லாம் இல்லாத மாதிரி ஐந்து கல் ஆடச் சொன்னா எப்படி?

#14 வெள்ளைப்பலகை

நியாயமான கேள்வி. அந்தக் கணத்தில் ஆசிரியர் செய்ய வேண்டியது மூன்று வாக்கியம், அதற்குமேல் இல்லை. "அந்தச் சொல்லை இங்கே யாரும் சொல்லக் கூடாது." "அது அவனை அவன் பிறப்பை வைத்துக் கேவலப்படுத்துகிறது." "இப்போது வேலையைத் தொடருங்கள், உன்னோடு ரீசஸில் பேசுகிறேன்." கேட்ட மற்ற பிள்ளைகளுக்கும் அது காதில் விழ வேண்டும். "சும்மா விளையாட்டுக்குச் சொன்னான்" என்று ஆசிரியரே சமாதானம் சொன்னால், அந்தச் சொல்லுக்கு உரிமம் கொடுத்த மாதிரி.

வகுப்பு முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைத்துக் கை குலுக்க வைப்பது பெரியவர்களின் திருப்திக்குத்தான். புண்பட்ட பிள்ளை எல்லார் எதிரிலும் "பரவாயில்லை" என்று சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம். தனித்தனியாகப் பேசுங்கள். முதலில் புண்பட்ட பிள்ளையிடம், அடுத்து சொன்ன பிள்ளையிடம். அந்தச் சொல்லை எங்கே கேட்டாய் என்று அதட்டாமல் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடும். இருவரையும் அன்றே ஒரே குழுவில் போடாதீர்கள்.

பெற்றோர் பக்கம்: அன்று இரவே எழுதி வையுங்கள். சொன்ன சொல் அப்படியே, எந்த இடம், எந்த நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள், இது எத்தனையாவது தடவை. வகுப்பாசிரியருக்கு அனுப்பி, என்ன செய்வார், எப்போது பதில் சொல்வார் என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் அசைவில்லை என்றால் நிலைத் தலைவர், அடுத்து துணைத்தலைமையாசிரியர். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அது இரண்டு குடும்பச் சண்டையாகி, பிள்ளைகள் சேர வழியே அடைபட்டுவிடும்.

#15 செங்காங்வாசி

நம் வீட்டுப் பேச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "சப்பை மூக்கு", "மலாய்க்காரங்க சோம்பேறி" என்று இரவுச் சாப்பாட்டில் சொல்லிவிட்டு, காலையில் பள்ளிமீது புகார் எழுதுகிறோம். கறுப்பு என்றால் மட்டம் என்பதை நம் பிள்ளைகள் சீனர்களிடமிருந்து மட்டும் கற்கவில்லை, முகப்பூச்சும் கல்யாணப் பேச்சும் இருக்கின்றன.

#16 மெர்லயன்_மாமா

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. "இந்தியர் 3"ன்னு #1-ல எழுதியிருக்காங்க. மூணு பேரும் தமிழா? பள்ளியில் இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது எடுக்கிற பிள்ளைங்களும் அந்தக் கணக்குலதான் வருவாங்க. ஒரே கட்டத்துல போட்டதால ஒண்ணாச் சேர்ந்துடுவாங்கன்னு ஆசிரியர்கள் நினைக்கிறாங்க. இங்கேயே மூணு தலைமுறையா இருக்கிற தமிழ்ப் பிள்ளையும் போன வருஷம் புனேயிலிருந்து வந்த பிள்ளையும் பகிர்ற பொது விஷயத்தைவிட, அந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் பக்கத்து புளோக் மலாய்ப் பிள்ளைக்கும் பொது விஷயம் அதிகம். குழு பிரிக்கிறப்போ "இந்தியப் பிள்ளைக்குத் துணைக்கு இன்னொரு இந்தியப் பிள்ளை"ன்னு கண்ணை மூடிட்டுப் போடாதீங்க.

#17 கணக்குப்புலி

சரியான பிடி. #6 கணக்கில் அதையும் தனி நெடுவரிசையாப் போடணும்.

பழகினா மட்டும் மனசு மாறுமான்னு தனிமடலில் ஒருத்தர் கேட்டார். பெட்டிக்ரூ, ட்ராப் இருவரும் 2006-ல் 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. பழக்கம் வெறுப்பைக் குறைக்குது, ஆனா அளவு மிதமானது. ஆல்போர்ட்டின் நாலு நிபந்தனையும் இருந்தா விளைவு கூடுது, இல்லாட்டியும் ஓரளவு இருக்குது. மாயமந்திரம் எதிர்பார்க்காதீங்க, அவ்வளவுதான்.

#18 கொவ்வைப்பழம்

உயர்நிலைக்குப் போனா இதெல்லாம் கரைஞ்சுடும்னு கேள்வி. அங்கே என்ன நிலைமை?

#19 பீட்டி_ரோடு

வயது ஏற ஏற இனம் தாண்டிய நட்பு குறைவதே பல நாடுகளில் காணும் போக்கு. இங்கே அதோடு வேறு சில சேரும். சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள் 1979-லிருந்து உள்ளவை, அங்கே தாய்மொழியாகச் சீனம் மட்டுமே. ஆகவே அந்தப் பள்ளிகளுக்குப் போகும் சீனப் பிள்ளைக்கு வகுப்பில் தமிழ் நண்பன் கிடைக்க வழி மிகக் குறைவு. மற்ற பள்ளிகளிலும் தமிழுக்குப் போதிய எண்ணிக்கை இல்லையென்றால் நம் பிள்ளைகள் பள்ளி முடிந்து உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடத்துக்குப் போக வேண்டும். அந்த மாலைகளில் நண்பர்கள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள்.

நல்ல மாற்றம் ஒன்று: 2024-ல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களிலிருந்து மதிப்பெண்ணை வைத்துப் பிரித்த விரைவு, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. கலவையான வகுப்பு, பாட நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உடற்கல்வி, இசை, ஓவியம் போன்ற பாடங்களில் சேர்ந்தே இருப்பார்கள். பழைய முறையில் மதிப்பெண் கோடும் இனக் கோடும் பல வகுப்புகளில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

#20 தெம்பனிஸ்_அம்மா

எல்லாருக்கும் நன்றி. கால அட்டவணை பார்த்தாச்சு, தாய்மொழிக்கு அடுத்ததுதான் ரீசஸ்! ஆசிரியர்கிட்ட வரிசை யோசனையைச் சொல்லியிருக்கோம். விளையாட்டுப் பெட்டிக்குக் குழு பணம் தருது.

கடைசியா ஒண்ணு. தொடக்கநிலை 3-க்குப் போறப்போ வகுப்பைக் கலைச்சுப் போடுவாங்களாம். இப்போ சேர்ந்திருக்கிற ஒண்ணு ரெண்டு ஜோடி பிரிஞ்சுடுமே?

#21 வெள்ளைப்பலகை

பல பள்ளிகளில் அப்படித்தான். "என் பிள்ளையை இன்னாரோடு போடுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள், அதில் நேரம் செலவிடாதீர்கள்.

நாலாம் தவணை முடிவதற்குள் அந்தப் பெற்றோர் எண்ணை வாங்கிவிடுங்கள். விடுமுறை 6 வாரம், அதில் ஒரு சந்திப்பாவது வேண்டும். பள்ளி மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இருவருமே இருந்தால் வகுப்பு பிரிந்தாலும் மதியம் சேர்ந்திருப்பார்கள், வயது கலந்த இடம் என்பதால் அங்கே மேசை பிரிவதும் குறைவு. பேச்சுவழக்குச் சீனம் அல்லது மலாய் வகுப்பு உங்கள் பள்ளியில் இருந்தால் பெயர் கொடுங்கள், விளையாட்டில் காதில் விழுவதில் பாதி புரிந்தாலே போதும்.

இணைப்பாட நடவடிக்கை (பாடத்துக்கு வெளியே விளையாட்டு, கலை போன்றவை) பெரும்பாலான பள்ளிகளில் தொடக்கநிலை 3-ல் தொடங்கும். படிவம் வரும்போது இரு குடும்பமும் பேசி, இரு பிள்ளைக்கும் பிடித்ததாக ஒன்றையே முதல் விருப்பமாகப் போடுங்கள். இடம் குறைவானவற்றில் குலுக்கல் அல்லது தேர்வு இருக்கும், அதனால் இரண்டாம் விருப்பத்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் கால்பந்தும் மற்றவன் இரண்டாம் விருப்பத்தில் மாட்டிக்கொள்வதும்தான் வழக்கமாக நடப்பது.